அறுபத்தொரு வீட்டுக்குப் போன சேதி

விருந்துக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு ரதோயே அடுப்படி ஜன்னலோரம் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார். அழுத்தியதும் அதை ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கொட்டகைக்குப் போய் விறகோடு திரும்புவதற்குள் அது பதினாலு முறை சிணுங்கிவிட்டது.

மனைவி தேசா நிலவறையிலிருந்து புளித்த முட்டைக்கோஸ் வாளியோடு ஏறி வந்தாள்.

“என்னங்க, குழாய் ஏதும் உடைஞ்சு போச்சா? ஊரே கத்துது.”

ஊர்த் தண்ணீர்க் குழாய் ரதோயேயின் பொறுப்பு. மலைமேல் ஊற்று, ஊற்றடியில் தொட்டி, தொட்டியிலிருந்து அறுபத்தொரு வீடு. முன்பெல்லாம் குழாய் உடைந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன் மகள் நெவேனா எல்லா வீட்டையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு குழு அமைத்துக் கொடுத்தாள். விஷயத்தை அவர் போன் பண்ணிச் சொல்வார். அவள் நோவிசாத் நகரத்தில் வேலைக்கு நடுவே அவர் பெயரில் எழுதிப் போடுவாள். ரதோயே தன் கையால் ஒரு எழுத்தும் தட்டமாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

அன்று மாலை ஆறு மணி பஸ்ஸில்தான் நெவேனா வந்திருந்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, பெட்டிக்குப் பின்னாலிருந்து கைப்பேசியை எடுத்துப் படித்தாள்.

“வியாழக்கிழமை மதியம் வா. உன் இடம் காலியாக இருக்கிறது.”

கீழே பதில்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நன்றி, வருகிறோம். எத்தனை மணிக்கு? எங்களையெல்லாம் இத்தனை வருஷம் கூப்பிடாமல் இப்போது என்ன? தண்ணீர் வருமா வராதா, அதைச் சொல்லுங்கள். யார் வீட்டுச் சாவு?

தேசா வாளியைக் கீழே வைத்தாள்.

“திருநாளுக்கு யாராவது ஆளக் கூப்பிடுவாங்களா?”

வீட்டுக்கு வீடு ஒரு புனிதர் உண்டு. இவர்கள் வீட்டுக்கு லூக்கா, அக்டோபர் முப்பத்தொன்று. அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், மெழுகுவர்த்தி எரியும், நினைவுள்ளவர்கள் வருவார்கள். கூப்பிட்டால், நீ மறந்துவிடுவாய் என்று நினைத்தேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும்.

“நீதானடி போட்ட?” என்றாள் தேசா.

நெவேனா அப்பாவைப் பார்த்தாள். அவர் அடுப்போரம் குந்தி விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“ஆமாம்மா. பட்டணத்துப் பழக்கம். தெரியாம போட்டுட்டேன்.”

“இருபத்தாறு வயசாகுது. இது தெரியாதா உனக்கு? கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடுக்குறியாம், பெரிய வேல.”

ரதோயே விறகுக்குத் தீ மூட்டினார்.

ஒரே ஒரு ஆளுக்கு எழுதியது அது. அன்று மத்தியானம் அந்தக் குழுவில் அவருடைய அண்ணன் மிலுன் ஒரு வரி எழுதியிருந்தார். “மேல் தொட்டியில் இலை அடைத்திருக்கிறது. தண்ணீர் கலங்கலாக வருகிறது.” ஆறு வருஷத்தில் அண்ணனிடமிருந்து வந்த முதல் வாக்கியம். ரதோயே அதைப் பலமுறை படித்தார். மாலை வரை யோசித்து, அந்த வரிக்கு அடியிலேயே தன் பதிலை எழுதினார். அண்ணன் எழுதியதற்குக் கீழே எழுதினால் அண்ணனுக்குத்தான் போகும் என்று நம்பினார்.

புதன்கிழமை காலை பாதிரியார் சாவா தண்ணீரை ஆசீர்வதிக்க வந்தார். அந்தத் தண்ணீரில்தான் திருநாள் ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும். வயதில் ரதோயேயைவிட இருபது வருஷம் இளையவர், நல்ல உயரம். நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார்.

“என்ன ரதோயே, எனக்கே ‘வா’ன்னு சேதி வந்துச்சு. என் பொண்டாட்டி சொன்னா, பிஷப்புகூட உங்கள இப்படிக் கூப்பிட்டதில்லன்னு.”

“மன்னிச்சிருங்க சாமி, நான்தான் போட்டேன்,” என்றாள் நெவேனா, கிண்ணத்தைத் துடைத்தபடி.

“சரி விடு. வராதவன்கூட வருவான். தேசாம்மா, பானை பெருசா வைங்க.”

அவர் துளசிக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து நான்கு திசையிலும் தெளித்தார். ஒரு தெறிப்பு ரதோயேயின் நெற்றியில் சில்லென்று விழுந்தது. கண்ணை மூடியிருந்தார். மகள் இவ்வளவு லேசாகப் பொய் சொல்வாள் என்று அவர் நினைத்ததில்லை. அதைவிட, அந்தப் பொய்யில் தான் இவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்துகொள்வோம் என்றும் நினைத்ததில்லை.

பகலில் தேசா சார்மா சுற்றினாள். அரிசியும் இறைச்சியும் கலந்த உருண்டை, புளித்த இலை, கனத்த மண்பானை. ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. புதன் ஒருசந்தி, இறைச்சியும் முட்டையும் விலக்கும் நாள். வீட்டில் அவரும் தேசாவும் அவித்த பயறும் எண்ணெய் ஊற்றிய உருளைக்கிழங்கும் சாப்பிட்டிருந்தார்கள். நாளைக்கு வருகிறவர்களுக்கு இறைச்சி சமைக்கிறாள், உப்பு பார்க்க நாக்கு இல்லை.

“நெவேனா, இங்க வா. ஒரு வாய் தின்னு சொல்லு.”

“ஒருசந்தி அன்னிக்கு அவள இறைச்சி திங்கச் சொல்றியா?” என்றார் ரதோயே.

“அவதான் ஒருசந்தியே இருக்கலையே. நேத்து பஸ்ல வாங்கின முட்டை பன்னைக் காலையில தின்னா, நான் பாத்தேன். எப்படியும் திங்கிறவ, நமக்கு உபயோகமா தின்னட்டும்.”

“பாவம் அவ மேல, ருசி நம்ம மேலயா?”

“உப்பில்லாம ஊருக்கே போட்டா அது என்ன பாவம், பைபிள்ல தேடிச் சொல்லுங்க.”

நெவேனா ஊதி ஊதித் தின்றாள். “இன்னும் அரைக் கரண்டி போடலாம். மிளகும்.” இன்னொன்றையும் எடுத்தாள். “இது உறுதிப்படுத்த.”

ரதோயே முகத்தைத் திருப்பிச் சிரித்தார். இவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாளா என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வாள். அது அவருக்கு வேண்டாம். தேசா போன் பண்ணும்போதெல்லாம், படுக்கப் போகுமுன் ஒரு சிலுவை போட்டுக்கோ என்பாள். போட்டேம்மா என்று இவளும் சொல்வாள். எது பொய், எது மரியாதை என்று தன் வீட்டிலேயே அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஸ்தோயன் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

“பன்றி சுட இரும்புக் கம்பி எடுத்துட்டு வருவேன்னு பாத்துட்டு இருக்கீங்களா?”

“ஆமா. விடியக்காலையில தீ போடணும்ல.”

“நான் வரமாட்டேன்.” ஸ்தோயன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். “முப்பத்தொரு வருஷம் யாரும் கூப்பிடாம வந்தேன், கம்பியச் சுத்தினேன், புகையில இருமினேன். இப்போ என்னை முறையா கூப்பிட்டுட்டீங்க. கூப்பிட்ட விருந்தாளி வேல செய்வானா? மதியம் கோட்டு போட்டுட்டு வருவேன். என் இடம் காலியா இருக்காமே, அது எதுன்னு காட்டுங்க, உக்காந்துக்கறேன்.”

“டேய், சின்னப் பொண்ணு தெரியாம—”

“இந்த வருஷமாவது ஒரே வீட்ல தின்னலாமான்னு பாத்தேன். அங்க உங்க அண்ணன் வீட்டுக்கும் ஒரு தடவ ஏறணும். ஒரே புனிதருக்கு ரெண்டு சாப்பாடு. ஆறு வருஷமா என் வயிறு உங்க சண்டையில மாட்டிட்டு இருக்கு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். தேசா மூடியைப் பானையில் டங்கென்று வைத்தாள்.

சாயங்காலத்துக்கு முன் ரதோயே தொட்டியைப் பார்க்கக் கிளம்பினார். நெவேனாவும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூட வந்தாள். ராஸ்பெர்ரி வரிசைகளுக்கு நடுவே பாதை ஏறியது. காய்த்து ஓய்ந்த தண்டுகளை வெட்டி, புதுத் தண்டுகளைக் கம்பியில் கட்டி முடித்திருந்தார். முள் கீறிய தழும்பு இரண்டு முழங்கையிலும். மூடுபனி கீழே ஆற்றிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“அப்பா, யாருக்கு எழுதுனீங்க?”

“இலை நிறைய அடைச்சிருக்கும். வாளி எடுத்தியா?”

“எடுத்தேன்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவர் மகள்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் அவருடைய அம்மாவை அடக்கம் செய்த நாளும் இப்படித்தான் பனி. மிலுனின் மகன் ஓக்னியன் ஆஸ்திரியாவில் லாரி ஓட்டப் போன புதிது. காகிதங்கள் சரியாகவில்லை, வர முடியவில்லை. பாட்டியிடம் வளர்ந்தவன். மிலுன் குழியோரம் கைப்பேசியை நீட்டிப் பிடித்து, அவனுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தார். பாதிரியார் ஜெபம் சொல்லும்போது அதற்குள்ளிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. ரதோயேவுக்குக் கோபம் தலைக்கேறியது. “அம்மாவ வேடிக்கை காட்டுறியா?” என்று ஒரு தட்டு தட்டினார். அது குழிக்குள் விழுந்து, பெட்டியின்மேல் வெளிச்சம் மேலே பார்க்கக் கிடந்தது. யாரும் இறங்கவில்லை. முதல் பிடி மண் விழுந்த பிறகு அது அடிக்க ஆரம்பித்தது. பையன் மறுபடி கூப்பிடுகிறான். மண் விழ விழ அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

அதற்குப் பின் லூக்கா திருநாளுக்கு ஒரே சரிவில் இரண்டு மெழுகுவர்த்தி. அதுவரை, தனி வீட்டுக்குப் பிரிந்து போன பிறகும், மிலுன் அம்மாவோடு ரதோயே இருந்த பழைய வீட்டுக்கே வந்து, சுவரில் மாட்டிய புனிதர் படத்தின் கீழ் வலது பக்கம் உட்காருவார். இப்போது மேல் வீட்டில் தனியாக ஏற்றினார். அவர் மனைவியும் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆஸ்திரியா போய்விட்டாள்.

ரதோயே ஒவ்வொரு ஞாயிறும் உயிரோடிருப்பவர்களின் பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாதிரியாரிடம் கொடுப்பார். நெவேனா, மிலுன், ஓக்னியன். பாதிரியார் அந்தப் பெயர்களைப் பலிபீடத்தில் வாசிப்பார். நோவிசாதுக்கும் ஆஸ்திரியாவிலுள்ள லின்சுக்கும் அது போய்ச் சேரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கம்பி இல்லாமல், கைப்பேசிக் கண்ணாடி இல்லாமல் போய்ச் சேரும். அப்படி நம்புகிறவன், ஒரு பையன் தன் பாட்டியின் பெட்டியை ஒரு உள்ளங்கை அளவுக்குப் பார்த்ததை ஏன் பொறுக்கவில்லை? ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளியேதான் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் பல் முளைப்பதைக் கிழவிகள் அந்தக் கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள். அந்தக் கருவியில் பிசாசு இருக்கிறது என்று அவர் அன்றைக்குச் சொன்னார். பிசாசு அன்று அவருடைய கையில்தான் இருந்திருக்கிறது.

தொட்டிக்குப் போகும் வழி மிலுனின் வேலியை ஒட்டியது. மிலுன் கம்பி இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. காலடியில் படுத்திருந்த நாயிடம் உரக்கச் சொன்னார்:

“கேட்டியாடா, தண்ணி நோட்டீஸு மாதிரி நமக்கும் ஒரு சேதி வந்துச்சு. அறுபத்தொரு வீட்டோட நாமளும் ஒரு வீடாம். சின்னப் பொண்ணு விளையாடிட்டா. அதுக்காகக் கோட்டு மாட்டிட்டு ஓட முடியுமாடா? வேண்டியவன் வேணும்னு கூப்பிட்டா அது வேற.”

நாய் வாலை ஆட்டியது. நெவேனா நடை தளர்ந்து அப்பாவைப் பார்த்தாள். ரதோயே வாயைத் திறந்தார். கூப்பிட்டதே தப்பு, அதையும் கைப்பேசியில் கூப்பிட்டது, கூப்பிட்டுவிட்டு மகள் பின்னால் ஒளிந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது? நடையை எட்டிப் போட்டுத் தொட்டிக்குப் போனார். சல்லடையில் பீச் மர இலைகள் கறுத்து அப்பியிருந்தன. கையை முழங்கை வரை சில்லிட்ட நீரில் விட்டு வாரி வாரிப் போட்டார். நெவேனா வாளியில் ஏந்தினாள். இருபது நிமிஷத்தில் தண்ணீர் தெளிந்தது.

வியாழக்கிழமை விடியற்காலை ரதோயே கொட்டகைக்குப் பின்னால் போனபோது தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஸ்தோயன் கம்பியைச் சுற்றி இருமிக்கொண்டிருந்தான்.

“வரமாட்டேன்னியே.”

“உங்களுக்காக வரல. பன்னி என்ன பாவம் பண்ணுச்சு?”

கோயிலில் ஆராதனை முடிந்து, ரொட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். பாதிரியார் சாவா அதன் அடியில் சிலுவையாகக் கீறித் திராட்சை ரசம் ஊற்றினார். பாதிரியாரும் ரதோயேயும் ரொட்டியைப் பிடித்துச் சுற்றி, இரண்டாகப் பிட்டு, முத்தமிட்டார்கள்.

“கிறிஸ்து நம் நடுவே இருக்கிறார்,” என்றார் பாதிரியார்.

“இருக்கிறார், இருப்பார்,” என்றார் ரதோயே. மூன்று தடவை. மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் இறங்கியது. சேதி அனுப்பியது யார் என்று நடுவே இருப்பவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு அடிப்பதற்குள் ஊரே வந்துவிட்டது. கோபித்துக்கொண்டவர்கள் முதலில் வந்தார்கள். இருபது வருஷமாக வராதவர்களும் வந்தார்கள். கோயிலிலிருந்து பெஞ்சுகளை எடுத்துவந்து கூடத்திலும் நடையிலும் போட்டார்கள். “திருநாள் வாழ்த்து, வீட்டுக்காரரே!” என்று ஒவ்வொருவரும் ரதோயேயை மூன்று முறை முத்தமிட்டு, நெவேனா நீட்டிய தட்டில் அக்ரூட்டும் சர்க்கரையும் கலந்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு பிளம் சாராயம். பிறகு சூப்.

“பொண்ணே, நீ நல்லா இருப்ப,” என்றாள் பால்காரி யெவ்ரோசிமா. “உன் தயவுல இந்த வீட்டுக் கூடத்தப் பாத்தேன். அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே சேதி போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். தேசாவும் சிரித்துவிட்டாள், சார்மா எண்ணிக்கையை மறந்து, எடுத்து எடுத்துப் போட்டாள்.

வீட்டுக்காரன் திருநாளில் உட்காரக் கூடாது. ரதோயே குடுவையோடு நின்றுகொண்டே இருந்தார். குதிகால் வலித்தது. இத்தனை தலைகளை இந்த வீட்டில் அவர் அப்பா காலத்துக்குப் பின் பார்த்ததில்லை. சத்தம், ஆவி, ஈரக் கோட்டுகளின் வாசனை. இதற்காகவே அந்தப் புண்ணியமில்லாத கருவிக்கு நன்றி சொல்லலாம் போலிருந்தது. ஆனால் கண் அடிக்கடி வாசலுக்குப் போனது.

ஸ்தோயன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு புனிதர் படத்தின் கீழ் வலது பக்கம் உட்காரப் போனான்.

“அங்க வேணாம்.”

“ஏன், அதான் காலியா இருக்கே?”

“அங்க வேணாம்டா.”

ஸ்தோயன் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு அடுப்போரம் ஒரு முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

மணி ஒன்றரை இருக்கும். நடையில் பெஞ்சுகள் உராய்ந்தன. கூட்டம் வழிவிட்டது. மிலுன் நிலைக்கு வெளியே நின்றார். சவரம் செய்து, அப்பாவின் பழைய தடித்த கோட்டு போட்டிருந்தார். பையிலிருந்து மஞ்சள் மெழுகுவர்த்தியின் நுனி எட்டிப் பார்த்தது. திரி வெள்ளையாக இருந்தது.

“பெரியப்பா, உள்ள வாங்க,” என்று நெவேனா கோதுமைத் தட்டோடு போனாள்.

மிலுன் கரண்டியைத் தொடவில்லை.

“இரும்மா. என் வீட்ல இன்னும் ஏத்தல. ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.” எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார். “கூப்பிட்டு வர்ற வழக்கம் நம்மகிட்ட இல்ல. கூப்பிடாம வர்ற முகமும் எனக்கு இல்ல. அந்தச் சேதி யாரு எழுதுனது? நீதான்மா எழுதுனேன்னா, பொண்ணு ஆசையா எழுதிச்சுன்னு புனிதரக் கும்பிட்டுட்டுத் திரும்பிடுவேன். தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

“நான்தான் பெரிய—”

“நெவேனா,” என்றார் ரதோயே.

குடுவையை மேசைமேல் வைத்தார். வைக்கும்போது விளிம்பில் இடித்துக் கொஞ்சம் சிந்தியது. அறுபது வீட்டுக் கண்களும் அவர்மேல் இருந்தன. பாதிரியார் சாவா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். ரதோயே பெஞ்சுகளுக்கு நடுவே ஒவ்வொரு முழங்காலாக ஒதுக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தார். அண்ணனுக்கு எதிரே நின்றபோது கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போனது. கைப்பேசி அங்கேதான் இருந்தது.

“அவ எழுதல, அண்ணே. அவ எனக்காகப் பொய் சொன்னா, நான் ரெண்டு நாளா அதுக்குள்ள உக்காந்திருந்தேன்.” கைப்பேசியை வெளியே எடுத்தார். “நான்தான் எழுதுனேன், இந்த விரலால. அறுபத்தொரு வீட்டுக்கு இல்ல. உனக்கு மட்டும்தான் எழுதுனேன்.”